முதலாவதைவிடப் பெரிய பரிசு

அம்மாவின் தங்கை, எங்கள் சின்னம்மா, பெரியகல்லாற்றில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாணப் படங்களைத் திருத்திக் கொடுக்கும் வேலை பார்த்தார். வேலையால் வந்ததும் கண்ணாடி மேசையின் கீழே மின்குமிழை எரியவிட்டு, தாளின் மேல் தாள் வைத்து ஓர் எருமைக் கன்றைப் பென்சிலால் கீறத் தொடங்கிவிடுவார். ஒரு தாளில் கால் சற்று எழும்பும். அடுத்ததில் இன்னும் சற்று. எல்லாவற்றையும் கமெராவில் பிடித்துக் கணினியில் ஓட்டினால் கன்று நடந்தது. முதன்முதல் அதைக் கண்டபோது நான் கணினியின் பின்பக்கம் போய்த் தேடினேன்.

மண்டூருக்குப் போகும் படகில் தாய் எருமையை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கன்று வாவியில் நீந்தி அதைத் துரத்துகிறது. இதுதான் கதை. ஒரு மணித்தியாலப் படம். அதைக் கீறி முடிப்பதற்குள் நான் பாலர் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். கன்றின் குரல் என்னுடையது. வெறும் குடத்துக்குள் முகத்தைப் புதைத்துக் கத்தவேண்டும். அதை நான் பெரிய நடிப்பென்றே நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. “மனிசரே நடிக்காத படத்துக்கு ஆரு பரிசு குடுக்கிற?” என்பார். ஆனாலும் மட்டக்களப்பு நகரில் தமிழ்ப் படப் போட்டி நடந்த அன்று எல்லாருக்கும் முந்தி வெளிக்கிட்டு நின்றவர் அவர்தான்.

மண்டபத்தில் முதலில் சிரித்தார்கள். சின்னப்பிள்ளைகளின் படமென்று சிலர் தேநீர் குடிக்க எழுந்தும் போனார்கள். கன்று நடு வாவியில் களைத்து மூழ்கத் தொடங்கியதும் சத்தம் அடங்கியது. பின்வரிசையில் ஒரு பெண், “ஐயோ, தாழப் போகுதுகா!” என்று கத்தியே விட்டார். சின்னம்மா திரையைப் பார்க்கவில்லை. திரும்பியிருந்து சனத்தின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறந்த படத்துக்கான பரிசு சண்டையும் மோட்டார் சைக்கிளுமாக ஓடிய வேறொரு படத்துக்குப் போனது. நடிகர், நடிகை, கமெரா என்று மேசையிலிருந்த வெற்றிக் கிண்ணங்கள் குறைந்துகொண்டே வந்தன. மிஞ்சியவற்றை நான் விரல்விட்டு எண்ணினேன். கடைசியில் தலைமை நடுவர், நரைத்த பெரியவர், ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“இதைப் படமெண்டு எடுக்கிறதா, சித்திரமெண்டு எடுக்கிறதா எண்டு எங்களுக்குள்ள பெரிய வாக்குவாதம். அமெரிக்காவிலயும் முழுநீளக் கார்ட்டூன் புதுசா வந்த காலத்தில சிறப்பு விருதுதான் குடுத்தவங்க. நாங்களும் தங்கச்சிக்குச் சிறப்பு விருது குடுக்கிறம்.”

சின்னம்மா மேடையேறி இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கினார்.

“நன்றி ஐயா. அடுத்த முறையும் கீறித்தான் கொண்டு வருவன். அப்ப மத்தப் படங்களோட சேத்து வெச்சுப் பாருங்க.”

மண்டபத்தில் எழுந்த கைதட்டல் மோட்டார் சைக்கிள் படத்துக்குக் கிடைத்ததைவிடப் பலமானது. நடுவரும் தட்டினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கிண்ணம் என் மடியில் இருந்தது.

“சின்னம்மா, சிறப்பெண்டா முதலாவதவிடப் பெரிசா?”

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சின்னம்மா முந்திக்கொண்டார். “ஓம் புள்ள, பெரிசு.”

மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்: மற்றவர்களுக்கெல்லாம் வெறும் பரிசு, எங்களுக்கு மட்டும் சிறப்பு. பின்னேரம் வீட்டுக்கு வந்தால், சின்னம்மா புதுத் தாளொன்றின் மேல் பென்சிலோடு குனிந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. எல்லாரையும்விடப் பெரிய பரிசை வென்றவர் இனியும் எதற்காகக் கீறவேண்டும் என்பது எனக்கு விளங்கவேயில்லை.