இடக்கையில் பழசு, வலக்கையில் புதுசு

மட்டாஞ்சேரியில் கார்ப்பரேஷன் துப்புரவு வேலை பார்த்த லோகாம்பாளுக்கு முன்னால் அவளுடைய அத்தர் வரும். குந்திரிக்கம் எரிந்த புகையில் பழைய தோல்பையை வாட்டின மாதிரி முரட்டு வாசனை. கருந்தூபம் என்று பேர். பஜாரில் ஹாஷிம் சேட்டின் கடையில் கிடைக்கும்.

முதலில் அதைப் பூசியவன் அவள் புருஷன் செல்லதுரை. சாக்கடை ஓடை அள்ளுகிற வேலை அவனுக்கு. வேலை முடிந்து குளித்ததும் காதுக்குப் பின்னால் தடவிக்கொள்வான். லோகாம்பாளுக்குத் தலை வலிக்கும்.

"என்ன எளவு வாசனை இது? செத்த வீட்ல கொளுத்துன மாதிரி."

"சாக்கடைய அடக்க மல்லிப்பூவா போதும்? இதுதான் நிக்கும்," என்பான்.

தொண்ணூற்றாறு மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வந்து செல்லதுரை இறந்துபோனான். லோகாம்பாள் அழவில்லை. எப்படியும் அழுவாள் என்று கூடவே இருந்த சொந்தக்காரர்கள், பதினாறு முடிந்ததும் திருநெல்வேலிக்கு ரயிலேறினார்கள்.

அவன் வேலை அவளுக்குக் கிடைத்தது. முதல் நாள் ஓடைப் பக்கம் நின்றுவிட்டு வந்து சோற்றில் கை வைத்தாள். இறங்கவில்லை. அலமாரியில் அவனுடைய குப்பி இருந்தது. எடுத்து மூக்கடியில் தடவிக்கொண்டு சாப்பிட்டாள். அவன் நினைப்பில் செய்ததல்ல, சோறு இறங்க வேண்டுமே என்று செய்தது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. தீரத் தீர வாங்கினாள்.

2004இல் ஒருநாள் சாயங்காலம், சேட் புதுக் குப்பி ஒன்றை எடுத்து வைத்தார்.

"லோகம்மா, கருந்தூபம் கம்பெனிய பழைய முதலாளி வித்துட்டார். இனி இதான் வரும். பேரு அதேதான். வாசனையும் அதேன்னு சொல்றாங்க, எனக்குத் தோணல. பழசுல இந்த ஒண்ணுதான் பாக்கி. நீங்களே பாருங்க."

இடது மணிக்கட்டில் பழசையும் வலது மணிக்கட்டில் புதுசையும் தடவிவிட்டார். பழசு எப்போதும்போல் எடுத்த எடுப்பிலேயே புகையாக வந்து மோதியது. புதுசில் முதலில் எலுமிச்சை வந்தது. புகை இல்லாமல் இல்லை, ஆனால் தெருக்கோடி வீட்டில் யாரோ போடுகிற புகை மாதிரி. கடைசியில் ஒரு இனிப்பு.

"எப்படி?" என்றார் சேட்.

"இருக்கட்டும். நாளைக்குச் சொல்றேன்."

அன்று அவளுக்கு முறை மாற்றி லீவு. இரண்டு கையோடும் வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் மகள் அஞ்சு காலேஜிலிருந்து வந்ததும் கைகளை நீட்டினாள். அஞ்சு வலக்கையைத்தான் முதலில் முகர்ந்தாள்.

"இது கொள்ளாம்மா. நல்லாருக்கு." பிறகு இடக்கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள். "இதுதானே அப்பா வாசனை?"

லோகாம்பாள் இடக்கையை மூக்கருகே கொண்டுபோனாள். விளக்குமாறு வந்தது. நனைந்த சாக்கு வந்தது. இத்தனை வருஷமாக அடைப்பு எடுத்த ஓடைகளெல்லாம் வந்தன. செல்லதுரை வரவில்லை. இன்னொரு தரம் முகர்ந்து, கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"இது என் வாசனை," என்றாள். "அப்பாவோடது எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல அஞ்சு. நானே பூசிப் பூசி அது போயிருச்சு."

அஞ்சு உட்கார்ந்து அழுதாள். லோகாம்பாள் அவள் முதுகில் கை வைத்தாள். வைக்குமுன் எந்தக் கை என்றுதான் யோசித்தாள்.

மறுநாள் கடைக்குப் போய், "புதுசே தாங்க சேட்," என்றாள்.

"பழசை உங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேனே?"

"வேண்டாம். அதுல இப்ப ஓடைதான் வருது. வேற யாராவது கேட்டாக் கொடுங்க."

புது வாசனை காலைச் சாயா குடிக்கிற நேரத்துக்குள் போய்விடும். அவள் மறுபடி பூசுவதில்லை. ஓடை ஓடையாக நாறியது. ரிட்டயர் ஆகும்வரை அப்படியே வேலை பார்த்தாள்.

பிறகு அஞ்சுவோடு தேவராவில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே அடக்க நாற்றம் இல்லை, அத்தரும் வாங்கவில்லை. மகள் ஆபீஸ் கிளம்பியதும் கதவைச் சாத்திவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து, மலையாள சீரியல் ஒன்று விடாமல் பார்ப்பாள்.