ஆய்வுக்கூடத்துக்கு ஒரு மொட்டை

என் தங்கையின் மூத்த மகனுக்கு ஆட்டிசம் என்று தெரியவந்தபோது அவனுக்கு நாலு வயது. அதுவரை சொந்தக்காரர்கள் எல்லோரும், "ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க" என்று ஒரே குரலில் சொல்லிவந்தார்கள். ஆகவே இளையவள் பிறந்ததும் தங்கைக்கு ஒரே கேள்விதான்: இவளுக்கும் உண்டா? உண்டென்றால் இந்த முறை நாலு வருஷத்தை வீணாக்க அவள் தயாரில்லை.

நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடம், நடத்தையில் எதுவும் தென்படுவதற்கு முன்பே ஆட்டிசத்துக்கு உடலில் ஏதாவது அடையாளம் தெரியுமா என்று தேடிக்கொண்டிருந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் தம்பி தங்கைகளுக்கு ஒரு வயதில் ஈரக் குல்லாய் ஒன்றை மாட்டி, அதிலிருக்கும் சென்சார்கள் வழியே மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வார்கள். மாப்பிள்ளைக்கு ஷிஃப்ட். எங்கள் பேட்டையான ஈஜிபுராவிலிருந்து ஆட்டோவில் துணைக்குப் போனவன் நான். எழுத்தாளனுக்கு வருஷம் முழுவதும் லீவு என்பது எங்கள் குடும்பத்தின் அசைக்க முடியாத கருத்து.

முதல் தடவை தோற்றோம். சுருட்டை முடி, அடர்த்தி வேறு. சென்சார் எதுவும் தோலைத் தொடவில்லை. திரையில் கோடுகள் என் கையெழுத்தைப் போல ஓடின.

"எண்ணெ பேடா, வைக்காதீங்கன்னு போன்லயே சொன்னேனில்லையா மேடம்?" என்றாள் ஆய்வாளர் பெண்.

"மூணு நாளா வைக்கலைங்க. இது பழைய எண்ணெய்."

எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு எண்ணெயை யாரும் தடவுவதில்லை, உள்ளேயிருந்து ஊறுகிறது என்று நான் விளக்கினேன். அவள் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரத்துக்குள் திரும்ப வராவிட்டால் ஒரு வயதுப் பதிவில் சேர்க்க முடியாது என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை, "மொட்டை போட்டுடலாம்ணா" என்றாள். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இருக்கும் குலதெய்வத்துக்கு நேர்ந்த முடி. அடுத்த மாதம் கிடா வெட்டோடு எடுப்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளை எனக்குப் போன் போட்டுப் பொங்கினார்: "மச்சான், சாமிக்கு நேர்ந்ததைப் போய் யாராச்சும் லேபுக்குக் குடுப்பாங்களா?"

தங்கை போனைப் பிடுங்கினாள். "முடிய சாமிக்கே குடுப்போம். தலையத்தான் லேபுக்குக் குடுக்கறோம்."

"சரி" என்று மாப்பிள்ளை போனை வைத்தார். சாமியும் ஆட்சேபிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கார் வைத்துக்கொண்டு போனோம். மொட்டைக்குத் தாய்மாமன் மடிதான் பீடம். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி. குழந்தை அதையும் நனைத்துவிட்டாள்.

மறுநாள் காலை கிளம்பும்போது, புது மொட்டைக்குச் சூடு ஆகாதே என்று நானே சந்தனம் குழைத்துத் தாராளமாக அப்பினேன். ஆய்வுக்கூடம் போய்ச் சேர்வதற்குள் அது சுவர்ப் பூச்சு மாதிரி இறுகியிருந்தது.

"சார், இதென்ன?"

"சந்தனம். குளிர்ச்சி."

"இதுல சிக்னல் வராதே சார்."

தங்கை என்னைப் பார்த்த பார்வையில் சிக்னல் தெளிவாகவே வந்தது. வெந்நீரும் பஞ்சும் வந்தன. அந்தப் பெண் தேய்க்கத் தேய்க்கக் குழந்தைக்குக் கூச்சத்தில் சிரிப்பு. அம்மா மடி என்றால் பால் கேட்பாள் என்று என்னிடம் உட்காரவைத்தார்கள். எதிரில் ஒருத்தர் சோப்புக் குமிழி ஊத, திரையில் கோடுகள் நல்ல பிள்ளைகளாக வரிசையில் போயின.

குல்லாயைக் கழற்றியதும் தங்கை கேட்டாள், "ரிசல்ட் எப்ப வரும்?"

ஆய்வாளர் பெண் அவளருகில் வந்து உட்கார்ந்தாள். "முதல்லயே சொன்னேன் மேடம். நிறைய குழந்தைங்க பதிவைச் சேர்த்துப் பார்த்தாத்தான் இந்த அடையாளத்தை நம்பலாமான்னே தெரியும். இவளுக்கு உண்டா இல்லையான்னு இதை வெச்சு இன்னிக்கு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா இவ விளையாடறது, பேசறது எல்லாம் நாங்க தொடர்ந்து பார்ப்போம். சந்தேகம் வந்தா அன்னிக்கே சொல்வோம்."

தங்கை குழந்தையை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டாள். நான் படித்த புத்தகங்களிலிருந்து ஆறுதலாக ஏதாவது தேறுமா என்று துழாவினேன். தேறுவதற்குள் அவளே பேசினாள்.

"இவ பதிவு கணக்குல சேந்துச்சா?"

"சேந்துச்சு மேடம். சுத்தமா வந்திருக்கு."

"அப்ப சரி. அடுத்த தடவை எப்ப வரணும்?"

ஆட்டோ ஏறியதும் பெரியவனின் பயிற்சி டீச்சருக்குப் போன் போட்டாள். "சின்னவளையும் உங்ககிட்ட விளையாட விடலாமா மிஸ்? உண்டா இல்லையான்னு தெரியறப்ப தெரியட்டும். விளையாட்டு யாருக்கும் கெடுதல் இல்லையே." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, போனை வைத்துவிட்டு, ஈஜிபுராவுக்கு நேரே போய்க்கொண்டிருந்த டிரைவரிடம் கன்னடத்தில் இடது பக்கம் திருப்பச் சொன்னாள்.

"எங்கே?" என்றேன்.

"கிளாஸ் நடந்துட்டிருக்காம். இப்பவே வரச் சொன்னாங்க."