ஹைமவதியின் நூற்றெட்டு நாள்

உங்கள் வீட்டுக் குழந்தை திரையைப் பார்த்துக் கைதட்டும் ஒரு நொடியை உருவாக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று என்றாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். ஹைமவதிக்கு அதைக் கேட்பதுதான் வேலை.

ஹைதராபாத் மாதாப்பூரில் நான்காம் மாடியில் எங்கள் அனிமேஷன் ஸ்டுடியோ. அவரும் நானும் ஏழு வருடம் அடுத்தடுத்த மேசை. திரையில் ஒரு நொடி ஓட இருபத்து நான்கு படங்கள் வேண்டும். முடி, தோல், நிழல், வெளிச்சம் என்று அத்தனையையும் கணக்கிட்டுக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு படத்தையும் தீட்டி முடிப்பதை ரெண்டர் என்கிறோம். ஒரு படத்துக்கு எத்தனை நிமிடம், அதற்கு எத்தனை இயந்திரம், எத்தனை ஆள், எத்தனை நாள் என்று முன்கூட்டியே சொல்பவர் ஹைமவதி. கம்மத்தில் ஒரு ஜூனியர் கல்லூரியில் கணிதம் நடத்தியவர். நிர்வாகியின் மகனுக்கு மதிப்பெண்ணைக் கூட்டிப் போடச் சொன்னார்கள். அன்றே வேலையை விட்டுவிட்டு ஹைதராபாத்துக்குப் பஸ் ஏறியவர்.

ஒரு கரடிக்குட்டியின் கதை எங்களிடம் வந்தது. ஒன்றரை மணி நேரப் படம், பாதிக் கதை மழையில். ஹைமவதி ஒவ்வொரு காட்சியிலிருந்தும் மூன்று படங்களை எடுத்து ரெண்டர் செய்து பார்த்தார்: காலியான காடு, கரடி வரும் இடம், கரடி நனைந்து நிற்கும் இடம். "கரடி நனைஞ்சா கணக்கும் நனையும்" என்பார். உலர்ந்த கரடிக்கு முப்பது நிமிடம். நனைந்த ரோமத்துக்கு ஒரு மணிக்கு மேல். சராசரி ஐம்பது. எங்களிடம் இருந்தது அறுபது இயந்திரம். பழுதுக்கும் ஓய்வுக்கும் நான்கு மணி நேரம் விட்டு, நாளைக்கு இருபது மணி ஓட்டம். தொண்ணூறு நாள் வந்தது. கெட்டுப்போகும் படங்களைத் திரும்பத் தீட்ட இன்னும் பதினெட்டு. ஆக நூற்றெட்டு.

ஸ்டுடியோவின் முதலாளி சலபதி ராவ் அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"நூத்தியெட்டா? என்ன மேடம், அர்ச்சனை பண்றீங்களா?"

"கணக்கு சார் அது."

"வைசாக மாச வளர்பிறை தசமிக்கு ரிலீஸ். நம்ம ஜோசியர் சித்தாந்தி குறிச்சுக் கொடுத்துட்டார். உங்களுக்கு எழுபது நாள்தான்."

"சித்தாந்தி கரடி ரோமத்தைப் பாத்தாரா சார்?"

"இந்த வாய்க்குத்தான் உங்களுக்குப் பிரமோஷன் வரல." ராவ் தாளைத் தன் பக்கம் இழுத்தார். "உலர்ந்த கரடியை மட்டும் எடுத்துக்கங்க. முப்பது நிமிஷம். இப்ப எவ்வளவு?"

"அறுபத்தஞ்சு நாள்."

"பாத்தீங்களா, நீங்களே சொல்லிட்டீங்க."

இயந்திரம் ராவுக்குப் பயப்படாது. மழைக் காட்சியை முப்பது நிமிடத்தில் முடிக்க வேண்டுமானால், யாராவது ஒருவர் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரியாத விளக்கை அணைத்து, தூரத்து ரோமத்தைக் குறைத்து, ஒவ்வொரு காட்சியாக இளைக்க வைக்க வேண்டும். அந்த வித்தை கைவந்தவர் எங்களிடம் ஒருவர்தான்: ஒளியமைப்பாளர் நரஹரி. வாரங்கல்காரர், முப்பத்தெட்டு வயது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அதனால் ஹைமவதியின் தாளில் நரஹரியின் பெயருக்கு நேரே வாரம் நான்கு நாள் என்று இருந்தது.

ராவின் விரல் அந்த வரியில் நின்றது. "ஒரு ஆள்னா ஆறு நாள். நாலு நாள் ஆளை நான் எதுக்கு வச்சிருக்கணும்?"

சொன்னது ஒரு வாக்கியம்தான். அந்த வாக்கியத்துக்குள் ஒரு மனிதனின் உயிர் இருந்தது. நரஹரியின் டயாலிசிஸுக்குப் பணம் கட்டியது கம்பெனி இன்ஷூரன்ஸ். வேலை போனால் அட்டையும் போகும்.

டீக்கடையில் ஹைமவதி அவரிடம் விஷயத்தைச் சொன்னபோது நானும் இருந்தேன். நரஹரி உஸ்மானியா பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து எனக்கு ஒரு துண்டு நீட்டினார். டீ குடிக்கவில்லை. அவருக்குத் தண்ணீர்கூட அளவுதான்.

"ஆறுன்னே போடுங்க அக்கா."

"பைத்தியமா உனக்கு? எப்படிடா முடியும்?"

"செவ்வாய்க்கிழமையை ஞாயித்துக்கிழமைக்கு மாத்திக்கிறேன். வெள்ளிக்கிழமையை விட்டுடறேன். ரெண்டு மாசந்தானே."

"உன் டாக்டர் ஒத்துப்பாரா?"

"அவர்கிட்ட எதுக்குக் கேக்கணும்? டயாலிசிஸ் மெஷின்ல என்னோட ரெண்டர் டைம் நாலு மணி நேரம் அக்கா. கொஞ்சம் இளைக்க வச்சுப் பாக்கறேன்."

நாங்கள் சிரித்தோம். இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது.

ஹைமவதி மேசைக்குத் திரும்பினார். ஃபைலைத் திறந்தார். பிறகு நான்கை அழித்து ஆறு என்று அடித்தார். நூற்றெட்டை அழித்து அறுபத்தைந்து. கீழே அவர் பெயர். ஒரு மதிப்பெண்ணுக்காக வேலையை விட்டவர் அவர். இப்போது அவர் எதிர்த்து நின்றிருந்தால் முதலில் போயிருப்பது நரஹரியின் அட்டை. ஒழுங்கானவர்களை இந்த உலகம் வளைப்பது இப்படித்தான்: இன்னொருவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு.

வேலை தொடங்கிய அன்று இயந்திர அறையில் பூஜை நடந்தது. அறுபது பெட்டிக்கும் குங்குமம் வைத்தார்கள். இயந்திரத்துக்குச் சூடு ஏறக்கூடாதென்று அறையை எப்போதும் பதினெட்டு டிகிரியில் வைத்திருந்தோம். நரஹரியின் கால் வீங்கி, செருப்பு நுழையாமல் போனதைப் பார்த்தோம். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தோம். அவ்வளவுதான் செய்தோம்.

ஆறாவது வாரம், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மழையில் நிற்கும் கரடி திரையில் இருக்கும்போதே அவர் மேசையில் சாய்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்தோம். ஆஸ்பத்திரியில், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

படம் எப்போது முடிந்தது தெரியுமா? நூற்றாறாவது நாள். வைசாக தசமி போய்விட்டது. ராவ் அதே சித்தாந்தியிடம் ஓடினார். புதுமாப்பிள்ளை மாமியார் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று இவர்களே விலக்கி வைத்திருக்கும் ஆஷாட மாதத்தில், அவர் ஒரு நல்ல நாளைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். நகர முடியாது என்று சொல்லப்பட்ட தேதி, ஒரு மனிதன் செத்த பிறகு ஐம்பது நாளுக்கும் மேல் நகர்ந்தது.

நரஹரியின் மனைவி வரலக்ஷ்மி நஷ்ட ஈடு கேட்டு வந்தார். ராவ் ஃபைலைத் திறந்து காட்டினார். "ஆறு நாள் வர உங்க வீட்டுக்காரரே ஒத்துக்கிட்டார்மா. டயாலிசிஸை நாங்க நிறுத்தச் சொல்லல. மேடம் போட்ட கணக்கு, பாருங்க."

ஹைமவதி எழுந்து போய் வரலக்ஷ்மியின் எதிரில் நின்றார்.

"நான்தான் ஆறுன்னு மாத்தினேன். சார் மாத்தச் சொன்னார். முதல்ல நாலுன்னுதான் எழுதியிருந்தேன்."

வரலக்ஷ்மி அழவில்லை. "அந்த நாலுன்னு எழுதின தாள் இருக்கா மேடம்?"

இல்லை. அதே ஃபைலில்தான் அழித்து எழுதியிருந்தார். நகல் எடுக்கவில்லை. எனக்கும் அனுப்பவில்லை. தொழிலாளர் அலுவலகத்தில் ஹைமவதி வாய்ச்சாட்சி சொன்னார், நானும் சொன்னேன். இருவருக்கும் வேலை போயிற்று. அதிகாரி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, காகிதம் எங்கே என்று கேட்டார். வழக்கு அந்தக் கேள்வியிலேயே நிற்கிறது.

நீங்களும் எங்கோ ஒரு மேசையில் இப்படியொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அதைக் குறைக்கச் சொல்லி யாராவது வருவார்கள். உங்களால் மறுக்க முடியாமலும் போகலாம்; நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் முதல் தாளை அழிக்காதீர்கள். இன்றைக்கே அதை அச்சிட்டு, தேதி போட்டு, மாற்றச் சொன்னவரின் பெயரை அடியில் எழுதி, அலுவலகத்துக்கு வெளியே ஒரு மனிதரிடம் கொடுத்து வையுங்கள்.