ஏறிக்கொண்டே போன கழுத்து

காய்ந்த சோற்றுப் பருக்கை ஒட்டிய காகிதத்தின் ஓரம் தொண்டைக்குழியில் பட்டால் சுரசுரவென்று ஓர் அரிப்பு எடுக்கும். கத்திரி வெயிலில் வேர்க்குரு ஏற்கெனவே அங்கே கொத்துக்கொத்தாகப் பூத்திருக்க, அதன் மேலேயே காகிதத்தை வைத்து அழுத்திக்கொண்டு, "ஆடாம நில்லுடி" என்று அம்மா அதட்டினால் எனக்கு உயிரே போகும். சின்ன வயதென்றதும் மற்றவர்களுக்கு மாங்காயும் மழையும் ஞாபகம் வருமாம். எனக்கு அந்த அரிப்புதான் வருகிறது.

அப்போது நாங்கள் இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே, பெரியப்பா கட்டிய வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் இருந்தோம். பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். முன்பக்கம் அவர் குடும்பம், பின்பக்கம் நாங்கள், நடுவில் ஒரு நடை. அந்த நடை வழியாகத்தான் அவருடைய இருமலும் கனைப்பும் கட்டளைகளும் எங்கள் பக்கம் வந்து சேரும். அப்பாவுக்கு அண்ணன் கிழித்த கோடு லட்சுமணன் கோடு. அம்மாவுக்கு அப்பா கிழித்த கோடு. எனக்குக் கோடு கிழிக்கத்தான் அம்மாவிடம் சாக்பீஸ் இருந்தது.

எங்கள் வீட்டில் எல்லாத் துணியும் அம்மா தைத்ததுதான், பள்ளிச் சீருடை உட்பட. அதற்கு அவள் வைத்திருந்தது 'பேப்பர்' என்று நாங்கள் சொல்லும் ஒரு காகித வெட்டு. சட்டையின் முன்பக்கம், பின்பக்கம், கை என்று தனித்தனியாக வெட்டிய காகிதத்தைத் துணிமேல் வைத்து, சுற்றிலும் சாக்பீஸால் வரைந்து வெட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. எதிர்வீட்டு ஜரீனா அக்காவிடம் வாங்கிய பேப்பர் அது. அவர் கணவர் தாம்பரம் மார்க்கெட்டில் 'கட் பீஸ்' துணிக்கடை வைத்திருந்தார். அக்காவும் வீட்டில் மிஷின் போட்டுத் தைப்பார். என் வயதுப் பெண் அவருக்கு இருந்தாள். அவளுக்காகப் புத்தகத்துக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட்டில் வெட்டிய அளவையே எனக்கும் ஒன்று வெட்டிக் கொடுத்தார். அழகான அரைவட்டக் கழுத்து, கழுத்தெலும்புக்கு இரண்டு விரல் கீழே வந்து நிற்கும்.

நான் வளர வளர அந்தப் பேப்பரும் வளர்ந்தது. பக்கவாட்டில் ஒட்டுப் போட்டு அகலம் கூட்டினாள், கைக்கு நீளம் கூட்டினாள். எல்லாம் பெரிதாகிக்கொண்டு வர, கழுத்து மட்டும் வருஷா வருஷம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

முதல் ஒட்டு விழுந்தது நான் நான்காவது படிக்கும்போது. மார்கழி மாதம், வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். பெரியப்பா கனைத்தார். அவ்வளவுதான், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "அண்ணன் மொகமே சரியில்ல. கழுத்தக் கொஞ்சம் ஏத்தித்தான் தெச்சா என்ன?" என்றார். மறுநாள் அம்மா தினசரிக் காலண்டர் தாளில் பிறைபோல ஒரு பட்டை வெட்டி, நாலு பருக்கைச் சோற்றை நசுக்கி, பேப்பரின் கழுத்து வளைவில் ஒட்டிவிட்டாள். கழுத்து ஒரு விரல் மேலே ஏறிற்று. அடுத்த வருஷம் செய்தித்தாளில் ஒரு பட்டை. அதற்கடுத்து சோப்பு டப்பா அட்டையில் ஒன்று. ஒவ்வொரு பட்டைக்கும் பின்னால் ஒரு கனைப்பு இருந்தது. கனைத்தவர் என்னிடம் எதுவும் சொன்னதில்லை, அப்பாவும் சொன்னதில்லை. ஆகையால் நான் யாரோடு சண்டை போடுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

"பொண்ணோட அடக்கம் கழுத்துல தெரியும்" என்பது பெரியப்பாவின் வாக்கு. அந்த வாக்கை அவர் அருளும்போது, மேலே சட்டை இல்லாமல், தோளில் துண்டுகூட இல்லாமல், தொப்பை காற்றாட வாசல் ஈசிசேரில் சாய்ந்திருப்பார். சூடு அவருக்கு மட்டும் ஆகாதாம்.

ஜரீனா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் அந்தப் பேப்பரைத்தான் எடுத்துப் பார்த்துச் சிரிப்பார். "இன்னாக்கா, நான் குடுத்த கழுத்து எங்க கீது? மேலயே ஏறிகினு போவுதே. அடுத்த வருஷம் மூக்குக்கு மட்டும் ஓட்டை வுட்டு தெச்சிடுவியா?" அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்து முடித்ததும், "அவருக்குப் புடிக்காது, வுடு ஜரீனா" என்று பேப்பரைச் சுருட்டி மிஷின் இடுக்கில் செருகிவிடுவாள். அக்காவின் மகளோ அதே பழைய அரைவட்டக் கழுத்தில் தெருவெல்லாம் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். கழுத்தும் எரியும்.

நான் எட்டாவது முடித்த கோடை விடுமுறையில் பெரியப்பா மகளுக்குத் திருநீர்மலையில் கல்யாணம் நிச்சயமானது. எனக்கு ரோஸ் நிறச் சாட்டின் துணி எடுத்தார்கள். சுடிதார். நான் அம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஒரு துணிக்கு மட்டும், ஜரீனா அக்கா பெண் போடுகிற மாதிரி கழுத்து. இரண்டு நாள் அவள் மிஷின் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், அப்பா ஆபீசில் இருக்க, பெரியப்பா பத்திரிகை வைக்கப் போயிருக்க, அம்மா பேப்பரை எடுத்துத் தரையில் விரித்தாள். விரலைத் தண்ணீரில் நனைத்து நனைத்து ஒட்டின இடத்தில் தடவி, ஊறவிட்டு, சோப்பு டப்பா அட்டையை உரித்தாள், செய்தித்தாளை உரித்தாள், காலண்டர் தாளை உரித்தாள். அடியிலிருந்து பழைய பிரவுன் வளைவு வெளியே வந்தது. அதை என் கழுத்தில் வைத்துப் பார்த்து, "இதான் ஒன்னோட கழுத்து" என்றாள்.

நான் கண்ணாடிமுன் ஓடினேன். தொண்டைக்குழியில் மின்விசிறிக் காற்று பட்டது. சின்ன விஷயம்தான், ஆனால் அந்த மத்தியானம் எனக்கு இரண்டு சந்தோஷம். கழுத்து ஒன்று. அம்மா என் பக்கம் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரியதென்று அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

சாயங்காலம் அப்பா வந்தார். தரையில் உரித்துப் போட்டிருந்த பட்டைகளைப் பார்த்தார். கோபப்படவெல்லாம் இல்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "நாலு பேர் வர்ற எடம். அண்ணன் வீட்டு விசேஷம். எப்பவும் வெக்கறதவிட இன்னும் ஒரு விரக்கடை ஏத்தியே வெச்சிடு. எதுக்கு பேஜாரு" என்றார். நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் பேப்பரில் புதுப் பட்டை ஒட்டிக் காய்ந்திருந்தது, இதுவரை ஒட்டியவற்றிலேயே அகலமானது. மீந்துபோன கல்யாணப் பத்திரிகையில் வெட்டியிருந்தாள். ஓரத்தில் மஞ்சள்கூட அப்படியே இருந்தது. அந்த அளவுக்கே சாட்டினையும் வெட்டி, தைத்து, ஹெம்மிங் முடித்து, மூலையில் மஞ்சள் தடவி, சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டாள். நான் அன்று சாப்பிடவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

அடுத்த நாள் வந்த ஜரீனா அக்கா அந்தச் சுடிதாரை எடுத்து விரித்துப் பார்த்தார். கழுத்துக்குள் கையை விட்டுச் சுற்றினார். "தல பூருமாக்கா இதுல? ஒரு தபா போட்டுப் பாத்துடு." அம்மா பதறிவிட்டாள். "கோடித் துணிய முன்னாடியே போடக் கூடாது ஜரீனா. விசேஷத்தன்னிக்குத்தான் போடணும்." எங்கள் வீட்டில் அது சட்டம். புதுத் துணியை நாள் பார்க்காமல் உடம்பில் போட்டால் அபசகுனம். முந்தைய சட்டைகள் எல்லாம் பருத்தி. காது மடலைச் சிராய்த்துக்கொண்டாவது, கொஞ்சம் இழுத்துக் கொடுத்து உள்ளே இறங்கிவிடும். சாட்டின் இழுத்துக் கொடுக்காது. கழுத்தை ஏற்றினால் தலை நுழையப் பின்னால் ஓப்பன் வைக்க வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்று அவள் கவனமெல்லாம் ஏற்றுவதில் இருந்தது.

முகூர்த்தத்தன்று, மலையடிவாரச் சத்திரத்துப் பெண்கள் அறையில், என் தலை நுழையவில்லை. துணி நெற்றி வரை வந்து சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கைகள் இரண்டும் மேலே தூக்கியபடி, முகத்தில் சாட்டின் ஒட்டிக்கொண்டிருக்க, ரோஸ் நிற இருட்டுக்குள் நான் நின்றேன். வெளியே யார் யாரோ சிரிக்கிற சத்தம். "இழுடி", "காதப் பாத்து", "எண்ணெ தடவுங்களேன்" என்று ஆளுக்கொரு யோசனை. கெட்டிமேளம் கேட்டது. கடைசியில் அம்மாதான் பூ கட்டுகிறவர்களிடம் கத்தரிக்கோல் வாங்கி வந்து, பின்கழுத்திலிருந்து முதுகு வரை ஒரே வெட்டாக வெட்டினாள். அபசகுனம் பார்த்து வைத்திருந்த கோடித் துணியை, தாலி கட்டுகிற நேரத்தில் வெட்டினாள். கல்யாணத்துக்கு வந்திருந்த ஜரீனா அக்கா தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்குகளை எடுத்து வெட்டின இடத்தைப் பிடித்துக் குத்தினார். "ஓடாத, குதிக்காத, நில்லும்மா" என்றார்.

நான் ஓடவுமில்லை, குதிக்கவுமில்லை. சாப்பாடு முடிந்து எல்லோரும் மலைமேல் பெருமாளைச் சேவிக்கப் படியேறினோம். சம்பந்தி வீட்டார் முன்னால், பெரியப்பா எனக்குப் பின்னால். பாதிப் படியில் ஊக்கு ஒன்று தெறித்தது. அடுத்ததும் விட்டுவிட்டது. முதுகில் குளுகுளுவென்று காற்று பட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. பெரியப்பா முதல்முறையாகக் கனைக்காமல், வாயைத் திறந்து, சம்பந்தி வீட்டார் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகக் கேட்டார்.

"என்ன வளர்த்திருக்கீங்க பொண்ண? என்ன துணி இது, முதுகு பூரா தெரியுது?"

அப்பா கோபுரத்தைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவளிடமிருந்து எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்: நீங்க ஏத்தச் சொன்ன கழுத்துதான் மாமா, தலை நுழையல, நான்தான் வெட்டினேன். கணவரின் அண்ணனை அவள் 'மாமா' என்றுதான் கூப்பிடுவாள். அப்போதும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் மாமா. இவதான் பின்னாடி ஓப்பன் வெச்சாத்தான் ஆச்சுன்னு அடம் புடிச்சா."

சொல்லிவிட்டு அப்பாவின் தோளிலிருந்த துண்டை வாங்கி என் முதுகில் போர்த்தினாள். அதன் நுனிகளை என் கைக்குள் திணித்தாள். அந்தத் துண்டை வைத்து அவளை மன்னிக்க நான் எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன், முடியவில்லை. அன்று பெருமாளை நான் சேவிக்கவில்லை. மண்டபத்துத் தூணில் சாய்ந்து, துண்டைப் பிடித்துக்கொண்டு, மலைக்குக் கீழே தெரிந்த ஏரியைப் பார்த்தபடி நின்றேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தச் சுடிதாருக்கு ஒழுங்காக ஓப்பன் வைத்து, ஹூக் போட்டுத் தைத்து அலமாரியில் வைத்தாள். நான் அதைத் தொடவேயில்லை. அதற்குப் பிறகு எந்தத் துணிக்கும் எந்தக் கழுத்தும் கேட்கவில்லை. கேட்காத பெண்ணைப் பார்த்து, "எவ்ளோ அடக்கமா மாறிட்டா" என்று பெரியப்பா மெச்சிக்கொண்டார்.

இன்று பெரியப்பா இல்லை, அப்பாவும் இல்லை. இரும்புலியூர் வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. வீட்டைக் காலி செய்தபோது மிஷினும் அந்தப் பேப்பரும் பழைய சாமான்காரரின் வண்டியில் போயின. ஜரீனா அக்கா குடும்பம் அதற்கும் முன்னாலேயே எங்கோ குடிபெயர்ந்துவிட்டது. காணாமல் போன இவற்றில் மனிதர்களுக்காகக்கூட நான் அவ்வளவு ஏங்கவில்லை. அந்தப் பேப்பர் மட்டும் இருந்திருக்கலாம் என்று அடிக்கடி தோன்றும். கல்யாணப் பத்திரிகைப் பட்டை அதில் ஒட்டியபடி இருந்திருக்கும்.

அம்மா என்னோடு ராஜகீழ்ப்பாக்கத்து ஃபிளாட்டில் இருக்கிறாள். புடவையெல்லாம் விட்டாயிற்று, கடையில் வாங்கின நைட்டிதான். போன வாரம் பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். நைட்டியின் கழுத்து அகலமாகி, ஒரு பக்கம் தோளைவிட்டு வழிந்திருந்தது. எதிர் பால்கனியில் ஆட்கள் நின்றார்கள். நான் போய், என்னை அறியாமலேயே, கழுத்தைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"வுடுடி. இந்தப் புழுக்கத்துல கொஞ்சம் காத்து வரட்டும்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு ஆத்திரம். "அன்னிக்கு எனக்குக் காத்து வேணாமாம்மா?" என்று கேட்டுவிட்டேன். "திருநீர்மலைல?"

அம்மா யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்தது. ஞாபகம் வந்துவிட்ட சந்தோஷத்தில் பொக்கை வாயால் சிரித்தாள்.

"ஒனக்குத்தான் முதுகு பூரா காத்து வந்துச்சே! நான் எவ்ளோ சொன்னேன், கேட்டியா? ஓப்பன் வெச்சாத்தான் ஆச்சுன்னு அடம் புடிச்சியே. சின்ன வயசுல ஒனக்கு அப்படி ஒரு புடிவாதம்."

அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். பொய் சொல்கிறவளின் முகம் அல்ல அது. நான் உள்ளே வந்து மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பால்கனியிலிருந்து அவள் யாரிடமோ, எதிர்வீட்டுக்காரர்களிடமாக இருக்க வேண்டும், என் பிடிவாதத்தைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.