பெட்டிக்குள் என்ன? — துண்டுக்குள் பதில்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டில் எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். வினாடி வினா நிகழ்ச்சி. ஒரு பெண்மணி, நான்கு பதில்கள், எது சரி என்று தெரியவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? பதிலைச் சொல்லாமல் நிகழ்ச்சி நடத்துகிறவரோடு பேச ஆரம்பித்தார். "சார், 'பி'யா இருக்குமோன்னு தோணுது..." நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தார். "இல்லேன்னா 'டி'..." மறுபடியும் ஒரு பார்வை!

"பாத்தீங்களா மாமா, க்ளூ எடுக்கறாங்க. இதெல்லாம் இப்ப வந்த ஸ்ட்ராட்டஜி" என்றார் மாப்பிள்ளை. பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறவர். அவருக்கு எல்லாமே இப்போது வந்ததுதான்.

"என் தங்கச்சி இதை எங்க ஊர்க் கோயில் வாசல்ல செஞ்சா மாப்ளே. ஊருக்குக் கரண்ட்டே வராத காலத்துல" என்றேன்.

யாரும் நம்பவில்லை. பேரன் மட்டும் மரியாதைக்குத் தலையாட்டினான். நீங்களாவது நம்புங்கள்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷமோ, அதற்கு அடுத்த வருஷமோ. கம்பம் பள்ளத்தாக்கில் எங்களுடையது ஒரு வேதக்கார ஊர்; எல்லோரும் கிறிஸ்தவர்கள். மாதா கோயில், பள்ளிக்கூடம், சுற்றிலும் கிணற்றுத் தோட்டங்கள். எங்கள் ஐயா மாட்டுத் தரகர். எனக்கு இருபது வயது இருக்கும். எட்டாவதில் இரண்டு தடவை உட்கார்ந்த பிறகு படிப்பும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். (அப்புறம் எப்படிப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறாய் என்று கேட்காதீர்கள். அது தனிக்கதை.) தேனிச் சந்தையில் ஐயா பின்னால் நின்று தொழில் பழகிக்கொண்டிருந்தேன்.

தங்கை புஷ்பம் எனக்கு நேர்மாறு. எட்டாவதை ஒரே தாவலில் தாண்டினாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா வீட்டுக்கே வந்து ஐயாவிடம் கேட்டார்.

"புஷ்பத்தை மதுரைக்கு டீச்சர் டிரெய்னிங் அனுப்புங்க. சீட்டுக்கு நான் பொறுப்பு."

ஐயா, "பாப்போம்" என்றார்.

தரகர் வாயிலிருந்து வரும் 'பாப்போம்' இருக்கிறதே... அதை நம்பி மாட்டை ஓட்டிக்கொண்டு வரவும் முடியாது, விட்டுவிட்டு வரவும் முடியாது! அதற்குள் கடமலைக்குண்டுப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்துவிட்டது. நஞ்சை, புஞ்சை, கிணறு எல்லாம் உள்ள குடும்பம். திருவிழா முடிந்ததும் கை நனைக்க வருகிறோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். பெண் வீட்டில் அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டால் பேச்சு முடிந்தது, அவ்வளவுதான். டிரெய்னிங் பள்ளிக்கூடம் திறப்பதும் அதே சமயம். அவர்கள் கை நனைத்தால் புஷ்பம் மதுரையை மறந்துவிட வேண்டியதுதான்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எதையோ மனக்கணக்குப் போடுகிறவள் மாதிரி நடமாடிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் திருவிழாவுக்கு எங்கள் புதுச் சாமியார் ஒரு விளையாட்டுக் கொண்டுவந்தார். ஒரு மரப்பெட்டி. அதற்குள் ஒரு சாமானை வைத்துப் பூட்டிவிடுவார்கள். என்ன சாமான் என்பது வைத்தவருக்கு மட்டும்தான் தெரியும். போட்டிக்கு வருகிறவர் அவரிடம் பத்துக் கேள்வி கேட்கலாம். 'ஆமா', 'இல்லை' இரண்டில் ஒன்றுதான் பதில். சரியாகச் சொன்னால் வெண்கலச் செம்பு பரிசு. இன்றைக்கு லட்சம் லட்சமாகக் கொடுக்கிற விளையாட்டுக்கு இது அண்ணனா இல்லையா?

பெட்டி வைக்க யார் வருகிறீர்கள் என்று சாமியார் கேட்டபோது, "நான் வைக்கிறேன் சாமி" என்று எழுந்தது எங்கள் ஐயா! எனக்கு ஆச்சரியம். சந்தையைத் தவிர வேறெங்கும் முன்னால் வந்து நிற்காத மனிதர் அவர்.

திருவிழா அன்று காலையில் அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது புஷ்பம் போய் எதிரில் நின்றாள்.

"ஐயா, பெட்டிக்குள்ள என்னன்னு நான் சொல்லிட்டா டிரெய்னிங் அனுப்புவீகளா?"

அடுப்படியில் ஆத்தாவின் கரண்டிச் சத்தம் நின்றது.

"மொதல்ல சொல்லு. பெறகு பேசுவோம்" என்றார் ஐயா.

சாயங்காலம், சப்பரம் கிளம்புவதற்கு முன்னால், கோயில் வாசலில் புளியமரத்து நிழலில் கூட்டம் கூடியது. பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஐயா உட்கார்ந்திருந்தார். விளையாட்டை நடத்தியது, சாமியாருக்கு உதவியாகக் கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார். முன் வரிசையில், போட்ட நாற்காலியில், கடமலைக்குண்டு மாப்பிள்ளையின் தாய்மாமன். திருவிழா விருந்தாளியாக வந்திருந்தார்.

முதலில் வந்தவர் ஒரு தோட்டக்காரர். அவர் கேட்ட பத்துக் கேள்வியையும் கேளுங்கள்: "கடலையா? பருத்தியா? மொளகாயா? கம்பா?..." எல்லாவற்றுக்கும் 'இல்ல'. தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து உட்கார்ந்துவிட்டார் மனுஷன். அடுத்து ஒரு பாத்திரக்காரர். செம்பா, பித்தளையா, இரும்பா என்று தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இன்னொருவர், உசுருள்ளதா, தின்கிறதா, குடிக்கிறதா என்றெல்லாம் கேட்டு அதற்கும் 'இல்ல' வாங்கினார்.

நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ நான் போனேன். தரகர் மகன் முதல் கேள்வியாக என்ன கேட்பான்?

"என்ன வெல இருக்கும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "ஏலே, ஆமா இல்லன்னு சொல்ற மாதிரி கேளுடா! மாடா புடிக்க வந்திருக்க?" என்றார் உபதேசியார். அத்தோடு என் மூளை நின்றுவிட்டது. மிச்சக் கேள்விகளில் நான் என்ன உளறினேன் என்பதை உங்களுக்குச் சொல்வதாக இல்லை.

ஐயாவின் முகத்தைப் பார்த்து ஏதாவது பிடித்துவிடலாம் என்று சிலர் உற்று உற்றுப் பார்த்தார்கள். பாவம், அவர்களுக்குத் தெரியாது. சந்தையில் எத்தனையோ கில்லாடிகள் பார்த்துப் பார்த்துச் சலித்த முகம் அது. அதில் ஒன்றும் தேறாது.

அப்போதுதான் பெண்கள் பக்கமிருந்து புஷ்பம் எழுந்து வந்தாள். அதுவரை எல்லோருடைய கேள்வியையும் பதிலையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு பெண்பிள்ளை போட்டிக்கு வருவதா என்று முணுமுணுப்பு. அவள் ஐயாவுக்கு எதிரில் வந்து நின்று சொன்னாள்:

"ஐயா, எனக்கு வாயால பதில் வேணாம். துண்டுக்குள்ள சொல்லுங்க."

கூட்டத்தில் ஆம்பளைகள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சந்தையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாட்டு விலையை யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. இருவரும் கைகோத்து மேலே துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேரம். வெளியே என்ன புளுகினாலும் கேட்பாரில்லை. கிழட்டு மாட்டுக்குப் பல் முளைக்க வைக்கலாம். ஆனால் துண்டுக்குள் விரல் பிடித்துச் சொன்னால் அது சத்தியம். அதை மீறிய தரகனுக்கு மறு சந்தையில் ஒருவனும் கை கொடுக்க மாட்டான். இது முழுக்க ஆம்பளைகள் சமாசாரம். ஆனால் புஷ்பத்துக்கு விரல் பாஷை தெரியும். நான் வீட்டில் பழகுவதற்குக் கை கொடுத்தவள் அவள்தானே!

"பொம்பளப்புள்ள துண்டுக்குள்ள கையக் குடுக்கிறதா? நல்லா இருக்கே!" என்றார் உபதேசியார். "அதுபோக, ஊருக்கு எப்படித் தெரியும் என்ன பதில்னு?"

"நான் சத்தமாச் சொல்லுறேன். தப்பாச் சொன்னா ஐயா மறுக்கட்டும்" என்றாள் புஷ்பம். "ஒத்த வெரலு ஆமா. ரெட்ட வெரலு இல்ல."

ஐயா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்தார். ஒரு உதறு உதறினார். வலது கை மேல் போட்டு அவள் பக்கம் நீட்டினார். பெரிய வியாபாரிகளுக்கு நீட்டுகிற அதே நீட்டு. அத்தனை நாள் பின்னால் நின்ற எனக்கு அவர் ஒரு தடவைகூட அப்படிக் கை நீட்டியதில்லை.

புஷ்பம் கையை உள்ளே விட்டாள்.

"உசுரு இல்லன்னு சொல்லிட்டீக. உசுருள்ளதுல இருந்து வந்ததா?"

துண்டு லேசாக அசைந்தது. "ஆமாங்குறாக."

"தோலா?"

"ஆமாங்குறாக."

பாருங்கள், இரண்டே கேள்வி. நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவள் நேரே வாசலுக்கு வந்துவிட்டாள்!

"ஐயாகிட்ட இது மாதிரி இருக்கா?"

"ஆமாங்குறாக."

"ஆத்தாகிட்ட?"

"இல்லங்குறாக."

"ஒத்தையா இருந்தா பிரயோசனம் உண்டா?"

"இல்லங்குறாக."

கூட்டத்தில் பாதிப் பேருக்கு விளங்கிவிட்டது. "செருப்புத்தா! செருப்புன்னு சொல்லு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். போட்டி முடிந்தது, செம்பை வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை. துண்டிலிருந்து கையையும் எடுக்கவில்லை. குனிந்து ஐயாவின் காதுக்குப் பக்கத்தில் ஏதோ கேட்டாள். முன் வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை.

துண்டு அசையவில்லை. ரொம்ப நேரம் அசையவில்லை. ஐயாவின் முகத்தில், சந்தையே பார்த்துத் தோற்ற அந்த முகத்தில், தாடை மட்டும் ஒரு தடவை இறுகியது. அப்புறம் துண்டுக்குள் ஒரு அசைவு.

புஷ்பம் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் தெளிவாக வந்தது.

"பெட்டிக்குள்ள இருக்கது செருப்பு. என் செருப்பு."

உபதேசியார் பூட்டைத் திறந்தார். புதுத் தோல் செருப்பு, சின்ன அளவில் ஒரு ஜோடி. எங்கள் ஊரில் அப்போது எந்தப் பெண் செருப்புப் போட்டாள்? தோட்டத்துக்கும் கோயிலுக்கும் வெறுங்காலில்தான் நடந்தார்கள். கல்யாணம் பண்ணிக் கடமலைக்குண்டுக்குப் போகிறவளுக்கும் செருப்பு வாங்க மாட்டார்கள். மதுரைத் தெருவில் நடந்து பள்ளிக்கூடம் போகிறவளுக்குத்தான் அது வேண்டும். தேனிச் சந்தையில் நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் வாங்கியிருக்கிறார். வீட்டில் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. வாங்கினவருக்கு அதை வாய்விட்டுச் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை. சம்பந்தி வீட்டாரோடு முறித்துக்கொள்ள வேண்டுமே! எந்தத் தரகன் முதலில் விலை சொல்வான்? எதிராளி வாயிலிருந்து வரட்டும் என்று பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். வேறு யாராவது கண்டுபிடித்திருந்தால் என்ன சொல்லிச் சமாளித்திருப்பார்? இன்றுவரை எனக்குத் தெரியாது.

முன் வரிசையில் தாய்மாமன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவருக்கும் விளங்கிவிட்டது.

"என்ன தரகரே, எங்களுக்கு என்ன பதிலு?"

ஐயா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"மன்னிச்சுக்கிருங்க. துண்டுக்குள்ள பேசி முடிச்சாச்சு. இனி மாத்த முடியாது."

தாய்மாமன் சப்பரம் பார்க்காமலே வண்டி கட்டினார். வீட்டில் ஆத்தா மூன்று நாள் ஐயாவோடு பேசவில்லை. பெண்ணை அனுப்புவதற்காக இல்லை. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன தேனிச் சந்தையா?" என்பதுதான் அவள் கோபம். நியாயமான கோபம்!

புஷ்பம் மதுரைக்குப் போனாள். டீச்சரானாள். எத்தனையோ வினாடி வினா பார்த்துவிட்டேன். எவ்வளவோ படித்தவர்கள், ஞாபகசக்திக்காரர்கள். வியந்திருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அன்று மலைத்த மாதிரி நான் எவரைப் பார்த்தும் மலைத்ததில்லை.

மதுரைக்கு அவளைக் கொண்டுபோய் விட்டது நான்தான். பஸ்ஸில், புதுச் செருப்பு கடித்த காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். காதில் என்ன கேட்டாய் என்றேன்.

"'எனக்கா'ன்னு கேட்டேன்."

"ஒத்த விரல் குடுத்தாரா?"

"இல்லண்ணே. அஞ்சு வெரலையும் சேத்துப் புடிச்சாக. விடவே இல்ல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சமாளிக்க வேறு எதையாவது கேட்கவேண்டுமே! "அது சரி, கேள்விதான் அவ்வளவு நல்லாக் கேட்டியே, எதுக்குத் துண்டு? வாயாலயே பதில் வாங்கியிருக்கலாமே?"

புஷ்பம் என்னை ஒரு மக்குப் பையனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அப்போதே டீச்சர்தான்!

"வாயால கேட்டா ஊருக்குப் பதில் சொல்லுவாகண்ணே. துண்டுக்குள்ள கேட்டாத்தான் எனக்குச் சொல்லுவாக."