மாரிமுத்துவின் தட்டில் குறைத்த கொழுப்பு

இலங்கையில் நமுனுகுல பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரியில் ஓய்வு பெறும்வரை மிட்வைஃப் வேலை பார்த்தேன். தோட்டத்துக்கே நான் ‘மிஸ்ஸி’. வாய் கொஞ்சம் நீளம். ஏசாமல் மாத்திரை கொடுத்த நாள் குறைவு. இனி இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

பெக்டரியில் வேலை செய்த மாரிமுத்துவுக்குக் கொலஸ்ட்ரோல் ஏறியிருந்தது. பதுளை டாக்டர், இப்படியே போனால் நெஞ்சு தாங்காது என்று சொல்லி அனுப்பியிருந்தார். சமைப்பது அவர் மனைவி சரோஜா. கொழுந்து பறிப்பவள். அவளை உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன்.

“கறிக்குத் தேங்காயோட முதப் பாலு ஊத்தாத. கோழித் தோல உரிச்சிரு. ரொட்டிக்குத் துருவுற தேங்காய்ப்பூவப் பாதியாக் குறை. எண்ணெயக் கரண்டியால அளந்து ஊத்து. வெளங்குதா?”

“சரிங்க மிஸ்ஸி. அவரு நல்லா இருந்தாப் போதும்.”

சொன்னதை அப்படியே செய்தாள். மூன்று மாதத்தில் மாரிமுத்துவின் ரிப்போர்ட் இறங்கியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கிளினிக்குக்கு வந்தவர்களிடமெல்லாம், “சமைச்சா சரோஜா மாதிரி சமைக்கணும்” என்று பீற்றிக்கொண்டேன். ஒருநாள் மாரிமுத்துவோடு வந்திருந்த அவள், அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே நெஞ்சைத் தடவினாள்.

“என்ன, நெஞ்சத் தடவுற?”

“கேஸுங்க மிஸ்ஸி. மலையேறுனா அடைக்குது.”

“காலைல வெறும் வயித்தோட பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஓடுனா கேஸ் வராம என்ன வரும்?” என்று ஏசி, இரண்டு மாத்திரை கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் கொழுந்து மலையிலேயே விழுந்தாள். லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பசறை ஆஸ்பத்திரி வருவதற்குள் உயிர் போய்விட்டது. மாரடைப்பு.

கருமாதிக்கு அவர்கள் லயத்து வீட்டுக்குப் போனேன். மாரிமுத்து அழுதுகொண்டே சொன்னார்:

“எனக்கு வேணாம்னு எடுத்ததெல்லாம் அவதாங்க தின்னா. முதப் பால ரொட்டியில ஊத்திக்குவா. தோலப் பொரிச்சுக்குவா. சாப்பாட்ட வீசுனா பாவம்னு சொல்லுவா.”

ஐயோ, எனக்கு அது தெரியாதா? கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுவது எங்கள் வீட்டிலும் அம்மாதான். மூன்று மாதச் சாப்பாடு மட்டும் அவளைக் கொன்றிருக்காது. நோய் முன்பே இருந்திருக்கும். ஆனால் பிரஷர் மெஷின் என் மேசையில் இருந்தது, எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள். ஒருநாளும் அவள் கையில் கட்டிப் பார்க்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது.

பிள்ளைகளே, ஒரு வீட்டில் கொழுப்பைக் குறைக்கச் சொன்னால் மொத்தச் சட்டிக்கும் சொல்லுங்கள். தேங்காயைக் குறைவாக வாங்கச் சொல்லுங்கள். கூட வருகிறவளுக்கும் கிளினிக் கார்டு போடுங்கள்.

அதன் பிறகும் மாரிமுத்து மாதாமாதம் தனியாக வந்தார். ரிப்போர்ட் நன்றாகவே இருந்தது. அதை அவரிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.