தூக்கிப் பார்த்து வாங்கிய பிளெண்டர்

மோட்டார் வைத்த எந்தச் சாமானை வாங்கப் போனாலும் எங்கள் ஊர் ஆண்கள் முதலில் அதைத் தூக்கிப் பார்ப்பார்கள். விலை கேட்பதெல்லாம் அப்புறம்தான். மிக்ஸியோ கிரைண்டரோ தண்ணீர் மோட்டாரோ, தூக்கும்போது கனத்தில் கை இறங்கினால் உள்ளே செம்புக் கம்பி சுற்றியிருக்கிறார்கள், இறங்காவிட்டால் அலுமினியம். என் வீட்டுக்காரர் சூலூர்ப் பக்கம் மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றித் தரும் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் இந்தப் பழக்கம் கொஞ்சம் முற்றிப்போயிருக்கிறது. சம்பந்தி வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது, காபி வருவதற்குள் அவர்களுடைய டேபிள் ஃபேனைத் தூக்கிப் பார்த்து, "பரவாயில்லீங்க" என்று தலையாட்டியவர் அவர். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் துணி துவைக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் பழையபடி மடங்கவில்லை. சீப்புப் பிடிக்கலாம், பேனா பிடிக்கலாம். மத்தை அழுத்திக் கடைய முடியாது. வெந்த பயற்றை மிக்ஸியில் போட்டால் ஜாரின் மூடியை அழுத்திப் பிடிக்க வேண்டும், அதற்கும் வலுவில்லை. எங்கள் வீட்டிலோ வாரத்தில் பாதி நாள் கடைகிற சமையல்தான். பச்சைப்பயறு, கொள்ளு, கீரை என்று எதையாவது கடைந்து, சூடான சோற்றில் ஊற்றி, மேலே நல்லெண்ணெய் விட்டுக்கொண்டால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

திருப்பூரில் இருக்கும் என் மகள் போனில் ஒரே பிடியாக நின்றாள். "சமையலுக்கு ஒரு அக்காவ வெச்சரலாம்மா. நானே ஆள் பாத்துப்போட்டேன். நீ சரின்னா வந்துருவாங்க."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். எனக்குத்தான் சுள்ளென்று வந்தது. "என்ற அடுப்ப என்ற கையில உடு கண்ணு" என்றேன். கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். ஒரு தடவை கரண்டியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டால் அது திரும்பி வராது என்று தோன்றியது. நன்றாகச் சமைப்பேன் என்பதைத் தவிர நான் பெருமைப்பட்டுக்கொள்ள வேறு பெரிதாக எதுவும் இல்லை. மகள் கொஞ்சம் இறங்கி வந்தாள். "செரி, ஒரு ஹேண்ட் பிளெண்டர் வாங்கிப் பாரு. அடுத்த மாசம் நான் வாரேன். அப்பவும் முடியலைன்னா அக்காதான்" என்றாள்.

மோட்டார் என்று காதில் விழுந்ததும் வீட்டுக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மறுநாளே தனியாகக் காந்திபுரம் போய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். முழுக்க ஸ்டீல்.

"ஆயிரம் வாட்ஸ் அம்மணி! கடையில இருந்தது அத்தனையும் தூக்கிப் பாத்துப்போட்டேன். இதுதான் இருக்கறதுலயே கனம்!"

வாங்கிப் பார்த்தேன். மணிக்கட்டில் சுரீரென்றது. பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் நின்றுவிடும். அதுவோ கல் மாதிரி இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லா இருக்குதுங்க" என்றேன். எங்கள் பக்கம் ஒருவர் ஆசையாக வாங்கி வந்ததை நன்றாக இல்லையென்று சொல்லுகிற வழக்கம் கிடையாது. கண்ணைக் குத்துகிற நிறத்தில் புடவை எடுத்துக் கொடுத்தாலும் ஒரு கல்யாணத்துக்காவது அதைக் கட்டிக்கொண்டு போய்த்தான் ஆக வேண்டும்.

அவர் பட்டறைக்குப் போனதும் பயற்றை வேகவைத்து ஓட்டிப் பார்த்தேன். பாரம் தாங்காமல் பிடி சாய்ந்தது. பிளேடு பயற்றுக்கு மேலே எழும்பி, காலண்டர், ஜன்னல், என் மூக்குக்கண்ணாடி எல்லாவற்றிலும் பச்சையாகத் தெறித்தது. துடைத்து முடிக்கவே வெகு நேரமாகிவிட்டது. அன்று முதல் இடது கையில் மத்தைப் பிடித்து இடிக்க ஆரம்பித்தேன். ஓட்டிய மாதிரி தெரியட்டும் என்று பிளெண்டரின் தண்டை மட்டும் தினமும் கழற்றிக் கழுவி, சிங்க் ஓரமாகக் கவிழ்த்து வைப்பேன். மோட்டார் பாகம் பக்கத்திலேயே கம்பீரமாக நிற்கும்.

பயறு கட்டியும் முட்டியுமாக வந்தது. அவர் குறை சொல்லாமல் சாப்பிட்டார். மகள் போன் செய்தால் அவளிடம் பெருமையடித்தார்: "உங்கம்மா இப்ப மிசின்லதான் கடையறா." நான் அடுப்படிக்கு நழுவிவிடுவேன். இடது தோளும் வலிக்கத் தொடங்கியிருந்தது. அந்த அக்கா வரப்போவது நிச்சயம் என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். கை கழுவ வந்தவர் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். தான் வாங்கியதன் அழகைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்.

"ஏன் அம்மணி, அது உன்ற கைக்குக் கனமா இருக்குதா?"

"இல்லீங்களே."

"மோட்டார் சில்லுனு இருக்குது. நாலஞ்சு நாளாத் தொட்டுத் தொட்டுப் பாக்கறேன். இப்பத்தான் ஓடுன மோட்டாரு இப்பிடி இருக்காது."

மாட்டிக்கொண்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "கனமாத்தானுங்க இருக்குது. பட்டனும் அமுங்கறதில்லீங்க. நீங்க ஆசையா வாங்கிட்டு வந்தீங்க, எப்பிடிச் சொல்றது?"

"நானும் பயறு கட்டி கட்டியா இருக்குதுன்னு எப்பிடிச் சொல்றதுன்னுதான் இருந்தேன்" என்றார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய இரண்டு பேர் மரியாதை பார்த்துக்கொண்டு வேகாத பேச்சும் மசியாத பயறுமாக உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் கடைக்குப் போனோம். பயறு கடைகிற சட்டியைத் துணிப்பையில் போட்டு நான் எடுத்துக்கொண்டேன். கடையில் இருந்த பெண் வாட்ஸிலிருந்து ஆரம்பித்தாள். "அது இருக்கட்டும் அம்மணி, பட்டன் எங்க இருக்குதுன்னு காட்டு" என்று சொல்லி, மேஜைமேல் சட்டியை வைத்தேன். ஒவ்வொன்றாக அதற்குள் இறக்கி, அடுப்படியில் நிற்கிற மாதிரியே நின்று பிடித்துப் பார்த்தேன். ஒன்று நீளம் அதிகம், தோளைத் தூக்க வேண்டியிருந்தது. ஒன்று பிடி தடிமன், என் விரல்கள் முழுக்கச் சுற்றவில்லை. இன்னொன்று வழுவழுவென்று இருந்தது, எண்ணெய்க் கையோடு பிடித்தால் நழுவிவிடும்.

என் வீட்டுக்காரர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் பிளாஸ்டிக் உடம்பும் ரப்பர் பிடியுமாக ஒன்று கிடைத்தது. அகலமான பட்டன். கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற விரல்களைச் சேர்த்து அழுத்தினாலே போதும். கையில் எதையோ பிடித்திருக்கிறோம் என்ற நினைப்பே இல்லை.

"ஒரே ஒருக்காத் தூக்கிப் பாக்கட்டுமா?" என்றார், கெஞ்சுகிற குரலில்.

"வேண்டாமுங்க" என்றேன். கடைப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கனமானதைப் பட்டறைக்கு எடுத்துப் போய்விட்டார். வெயில் ஏறினால் அங்கே எல்லோருக்கும் அதில் மோர் அடித்துக் கொடுக்கிறாராம். அவரைப் பார்த்தால் வருத்தப்படுகிற ஆளாகத் தெரியவில்லை.

சொன்னபடி மகள் வந்தாள். பச்சைப்பயற்றைச் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், தக்காளி போட்டுக் குழைய வேகவைத்தேன். பிளேடு முழுக்க முங்கிய பிறகுதான் பட்டனைத் தொட்டேன். விட்டு விட்டு அழுத்தி, பாதிப் பயறு மசிந்து பாதி முழுசாகத் தெரியும்போதே நிறுத்தினேன். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் பசையாகியிருக்கும். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். என்னுடைய பயறுதான். அடுப்படியில் யாரும் இல்லாததால் வாய்விட்டே சிரித்தேன்.

மகள் முதல் வாய் எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அம்மா முந்தி கடைஞ்சதாட்டமே இருக்குது. நெசமாலுமே மிசின்லயா? இல்ல, அப்பா மத்துல கடைஞ்சீங்களா?"

அவர் சோற்றுக் கையோடு எழுந்து போய், இடது கையை மோட்டார்மேல் வைத்தார்.

"சூடா இருக்குது கண்ணு" என்றார்.

பட்டறையில் சுற்றிய மோட்டார் சூடானால், வேலை பிசகிவிட்டதென்று அன்றைக்கு முழுக்க முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிற மனிதர். அதைச் சொல்லி அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மகள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த அக்காவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தட்டை மட்டும் என் பக்கம் நகர்த்தி இன்னும் கொஞ்சம் பயறு கேட்டாள்.

நானே ஊற்றினேன், வலது கையால்.